பூம்பாறை போகிறீர்களா? வண்டி பேசும்போதும் பூண்டு வாங்கும்போதும் கவனம்

போன மாதம் அம்மாவைக் கொடைக்கானல் அழைத்துப் போயிருந்தேன். அவருக்கு ஏரியும் வேண்டாம், பில்லர் ராக்கும் வேண்டாம். பூம்பாறை குழந்தை வேலப்பரைப் பார்த்தால் போதும். பழனி மூலவரைப் போலவே இந்தச் சிலையையும் போகர் நவபாஷாணத்தில் செய்தார் என்பது அவர் சிறுவயதிலிருந்து கேட்ட கதை.

தங்கிய இடத்திலேயே வண்டி பேசித் தந்தார்கள். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் மூன்றுக்கும் சேர்த்து 3,500 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. அங்கேதான் நான் ஏமாளி ஆனேன்.

வழியில் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினார் ஓட்டுநர். கீழே பள்ளத்தாக்கில் படிப்படியாக வயல்கள், நடுவே பொம்மை வீடுகள் மாதிரி ஊர். அழகுதான், மறுக்கவில்லை. "இதுதான் சார் பூம்பாறை. கோயில் இந்நேரம் நடை சாத்தியிருப்பாங்க. மன்னவனூர்ல ஒரே மழையாம், ரோடு சரியில்லை" என்று ஒரே மூச்சில் சொல்லி வண்டியைத் திருப்பிவிட்டார். அம்மா அங்கிருந்தே கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்.

திரும்பும்போது ஒரு கடையில் மட்டும் தாராளமாக அரை மணி நேரம் வண்டியை நிறுத்தினார் ஓட்டுநர். "ஒரிஜினல் மலைப்பூண்டு, 2019ல புவிசார் குறியீடு வாங்கினது" என்று கடைக்காரர் அளந்தார். குறியீடு உண்மை, பூண்டுதான் வேறு. கிலோ 600 ரூபாய் என்று இரண்டு கிலோ வாங்கினோம்.

மனசு கேட்காமல் மறுநாள் பஸ் ஏறினோம். கொடைக்கானலிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான். முந்தின நாள் எங்களைத் திருப்பிய அதே நேரம், நடை திறந்திருந்தது. முந்தின நாள் மழையே இல்லை என்று பஸ்ஸில் வந்த மன்னவனூர்க்காரர் சொன்னார். அம்மா சன்னதியைவிட்டு நகரவே இல்லை. தெரு ஏற்ற இறக்கமாக இருப்பதால் இங்கே தேருக்கு முன்னும் பின்னும் வடம் பூட்டுவார்களாம்.

பையில் இருந்த பூண்டை அந்த ஊர்ப் பாட்டி ஒருவரிடம் காட்டினேன். ஒரு பல்லை நசுக்கி மோந்து பார்த்துவிட்டு, "ஏப்பா, இது கீழ இருந்து லாரில வர்றது. எங்க பூண்டுன்னா நசுக்குன கை ரெண்டு நாளைக்கு மணக்கும்" என்று சிரித்தார். புகையில் போட்டு வைத்திருந்த தன் பூண்டைக் காட்டினார். வாசனையே பதில் சொல்லிவிட்டது. அவரிடமே அரைக் கிலோ வாங்கினேன்.

வண்டி பேசித் தந்தவரிடம் கேட்டதற்கு, "டிரைவர் மேல தப்பு இல்ல சார், எல்லாரும் வியூ பாயிண்ட்தான் கேப்பாங்க" என்றார். சண்டை போட்டபின் 1,000 ரூபாய் திரும்பி வந்தது. வண்டி பேசுவதானால் "ஊருக்குள்ளே, கோயில் வாசல் வரை" என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாதிப் பணத்தை, நீங்கள் சுற்றிவிட்டுத் திரும்பிய பிறகு கொடுங்கள்.

அந்த இரண்டு கிலோவை வீசவும் மனமில்லை. தினமும் ரசத்தில் நசுக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார் அம்மா, ஓட்டுநரைத் திட்டிக்கொண்டே.