ஹீலியோஸ் லென்ஸ் தேடுகிறீர்களா? 6,800 ரூபாய் போன கதையைக் கேளுங்கள்

செவ்வாய்க்கிழமை கூரியர் வந்தது. இன்று வெள்ளி, இன்னும் வயிறு எரிகிறது. முழுசாக 6,800 ரூபாய்! வாங்கும் முன் பார்க்க வேண்டியதை எல்லாம் கடைசியில் சொல்கிறேன்.

ஹீலியோஸ் 44-2. ஜெனிட் கேமராவோடு வந்த சோவியத் காலத்து 58 மி.மீ. லென்ஸ். அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப்/2-இல் முழுசாகத் திறந்து வைத்து, ஆளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி இலைதழை இருக்கிற மாதிரி எடுத்தால் பின்னணி மங்கலாகச் சுழல்கிற மாதிரி விழும். அந்தச் சுழலுக்காக ஆறு மாதம் அலைந்தேன். பழைய பொருள் விற்கும் ஒரு ஆப்பில் கிடைத்தது.

கேட்காமலேயே வீடியோ அனுப்பினார் விற்ற ஆள். வரிசை எண் 78-இல் தொடங்கியது. "78-ஆம் வருஷத்துப் பீஸ் பாஸ், எங்கப்பா பீரோவுல வச்சிருந்தது" என்றார். பல ஹீலியோஸ்களில் முதல் இரண்டு இலக்கம் வருஷம்தான். விவரம் தெரிந்தவர் என்று நினைத்துவிட்டேன். வளையத்தைத் திருகி, அபெர்ச்சரின் எட்டு இதழையும் மெதுவாக மூடித் திறந்து காட்டினார். அதைப் பார்த்ததும் பேரம்கூடப் பேசாமல் யுபிஐயில் 6,800 போட்டுவிட்டேன்.

வந்ததோ வேறு லென்ஸ். எண் 83-இல் தொடங்குகிறது. பின்பக்கமிருந்து போன் டார்ச் அடித்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. கிரீஸ் இறுகி ஃபோகஸ் வளையம் பாதியில் நிற்கிறது. அழுத்தித் திருப்பினால் லென்ஸே, அதைக் கேமராவோடு இணைக்கும் அடாப்டரிலிருந்து கழன்று வருகிறது. வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் படம் முழுக்கப் பால் கொட்டிய மாதிரி வெளுப்பு.

கேட்டேன். "விண்டேஜ்னா அப்படித்தான் பாஸ், அதுதான் கேரக்டர்." பூஞ்சை கேரக்டராம்! எண் மாறியிருக்கிறதே என்றதற்கு, "கூரியர்ல மாறியிருக்கும்." அப்புறம் ஒற்றை டிக்தான். ஆப்காரர்களோ, பணம் எங்கள் வழியாகப் போகவில்லை என்ற ஒரே வரியை மூன்று தடவை அனுப்பினார்கள். சர்வீஸ் கடையில் கழற்றித் துடைக்க 2,500 கேட்கிறார்கள். பூஞ்சை கோட்டிங்கை அரித்திருந்தால் தடம் போகாதாம். 6,800-க்கு மேல் இது வேறு.

சரி, சொன்ன விஷயம். டார்ச் அடித்த வீடியோ கேளுங்கள். அதே வீடியோவில், வெட்டு இல்லாமல், வரிசை எண்ணும் உங்கள் பெயர் எழுதிய சீட்டும் தெரிய வேண்டும். கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். நிக்கான் எஸ்எல்ஆர்காரர்களே, இந்த லென்ஸின் திருகு மவுண்டான எம்42-க்கு, உள்ளே லென்ஸ் கண்ணாடி வைக்காத வெறும் அடாப்டர் போட்டால் தூரத்தில் ஃபோகஸ் விழாது. மீதியை எழுத இப்போது பொறுமை இல்லை.

அந்த 78 எண் படத்தோடு விளம்பரம் இன்று காலை திரும்ப வந்திருக்கிறது. விலை 7,200.