முகவாதத்துக்கு வெள்ளவத்தையில் ஊசிச் சிகிச்சை: எதற்குப் போகலாம், எதற்குக் கூடாது

முகநரம்பு செயலிழந்து முகத்தின் ஒரு பக்கம் கோணிப்போவதே முகவாதம். அதற்கு ஊசி குத்தும், காலி வீதிக்குக் கிட்டவுள்ள இந்த அக்குபங்சர் நிலையத்தில் துப்புரவைக் குறை சொல்ல இடமில்லை. ஆளுக்கு ஆள் புது ஊசி, கண்முன்னே உறை பிரிக்கிறார்கள். காதுக்குப் பின்குழி, புருவத்துக்கு மேல், வாயோரம், தாடை, பிறகு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே குத்தி 20 முதல் 30 நிமிடம் விடுகிறார்கள். வலி சொற்பம். இரத்தம் உறையாமலிருக்க வாஃபரின் குளிசை போடுகிறவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும், கன்னம் கண்டிப்போகும்.

பிழை முதல்நாள் பரிசோதனையில்தான். நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பார்ப்பதே இல்லை. முகநரம்பு வாதத்தில் அந்தப் பக்க நெற்றியும் அசையாது. வாய் மட்டும் கோணி, நெற்றி சுருங்கினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் பாரிசவாதமாக இருக்கலாம். உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். காதில் கொப்புளம் இருந்தால் வைரஸுக்கும் மருந்து வேண்டும்.

நரம்பின் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசலோன் குளிசையை, முகம் கோணத் தொடங்கி 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். 2007இல் வெளியான ஸ்கொட்லாந்து ஆய்வில், அதை எடுத்தவர்களில் 94 வீதமானோர் 9 மாதத்தில் முழுச் சுகமடைந்தார்கள். எடுக்காதவர்களில் 82 வீதம். ஊசிக்கு இப்படி நம்பத்தக்க சான்று இல்லை. ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகே இங்கே வாருங்கள். நீரிழிவுக்காரர் குளிசை எடுக்கும் நாட்களில் சீனி அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அது ஏறும்.

கண்ணைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை இல்லை, அதுதான் மிகவும் கவலை தருகிறது. மூடாத கண் காய்ந்தால் கருவிழி புண்ணாகும். பகலில் செயற்கைக் கண்ணீர்த் துளி. இரவில் களிம்பு போட்டு, இமையை விரலால் முழுதாக மூடிய பிறகே மைக்ரோபோர் டேப் ஒட்டவேண்டும். அரைகுறையாக மூடினால் டேப்பே கருவிழியை உரசும். கண் சிவந்தாலோ நொந்தாலோ அன்றே தேசிய கண் வைத்தியசாலைக்குப் போங்கள்.

முகம் துடிக்கத் துடிக்கக் கரண்ட் வைப்பதையும் பலூன் ஊதச் சொல்வதையும் மறுத்துவிடுங்கள். வளரும் நரம்பிழைகள் தசை மாறிச் சேர்ந்தால், சிரிக்கும்போது கண் தானாக மூடும். முரட்டுப் பயிற்சி அந்தப் பழக்கத்தை இறுக்கிவிடக்கூடும். கண்ணாடி முன் மெதுவாக, சிறிதாக அசைத்துப் பழகுவதே நல்லது.

மொத்தமாக முன்பணம் கட்டச் சொல்வார்கள், கட்டாதீர்கள். கவனிக்காமல் விட்டாலும் 10 பேரில் 7 அல்லது 8 பேருக்கு இது தானாகவே முழுதாகத் தேறும்; ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியே கொடுத்தால் போதும். 3 மாதமாகியும் சற்றும் அசைவில்லையென்றால் ஊசியைத் தொடராமல் நரம்பியல் கிளினிக்குக்குப் போய், வேறு காரணம் உண்டா என்று பார்க்கவேண்டும்.