காப் ராக்: பாட்டில் குறையில்லை, பாட்டு முடிந்த பிறகுதான்

பழைய டி.வி. தொடர்களைத் தேடிப் பிடித்துப் பார்க்கும் நண்பர் ஒருவர், காப் ராக் டிவிடி செட் விலை குறைந்திருக்கிறது, உங்களிடம்தான் பல வருடமாக இருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தத் தொடரைப் பாராட்ட ஆரம்பித்தால் பாதியிலேயே எனக்கு எரிச்சல் வந்துவிடும், திட்ட ஆரம்பித்தாலோ பக்கத்தில் இருப்பவர் என்னைவிட நாலு மடங்கு திட்டி என்னை அதற்கு வக்கீலாக்கிவிடுவார். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அடிப்படை விவரம் தெரிந்ததுதான். லாஸ் ஏஞ்சலீஸ் போலீஸ் கதை, நடுநடுவே போலீஸ், திருடன், மேயர் என்று ஆள் பாக்கியில்லாமல் பாடுவார்கள், 1990 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் ஏ.பி.சி. சேனலில் ஆரம்பித்து டிசம்பர் 26 அன்று மூட்டை கட்டப்பட்டது, மொத்தமே 11 எபிசோடு. எடுத்தவர் ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ் என்ற போலீஸ் தொடரையும் எல்.ஏ. லா என்ற வக்கீல் தொடரையும் எடுத்த அதே ஸ்டீவன் போச்கோ, கூட வில்லியம் ஃபிங்கல்ஸ்டைன். 2002-இல் டி.வி. கைடு பத்திரிகை போட்ட மோசமான தொடர்கள் பட்டியலில் இதற்கு எட்டாவது இடம். இதன் பெயரையே அந்தப் பட்டியல் வழியாகக் கேள்விப்பட்டவர்கள்தான் இன்று அதிகம் இருப்பார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, யூடியூபில் இரண்டு மூன்று நிமிடத் துண்டு பார்த்துச் சிரித்தவர்கள். என் மச்சான் மகன் இந்த வகை. கோர்ட்டில் தீர்ப்பு சொல்ல உட்கார்ந்திருக்கும் பொதுமக்கள் குழு, அதாவது ஜூரி, எல்லோரும் எழுந்து நின்று பாடுகிற துண்டைக் காட்டி, "மாமா, நீங்க காசு கொடுத்து வாங்கினது இதையா?" என்று கேட்டான். ஆமாம், இதைத்தான். ஆனால் அவன் சிரித்தது தப்பான இடத்தில். அந்தத் துண்டுகள் எல்லாம் பாட்டு தொடங்கும்போது தொடங்கி, பாட்டு முடிந்ததும் முடிந்துவிடும். இந்தத் தொடரில் உண்மையிலேயே பல்லைக் கடிக்க வைக்கிற விஷயம் பாட்டு முடிந்த அடுத்த மூன்று நான்கு விநாடியில்தான் இருக்கிறது, அது துண்டில் வராது.

என்ன நடக்கிறது என்றால், ஒரு அதிகாரி தன் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிப் பாடுவார், பின்னால் இசை எங்கிருந்தோ எழும், சுற்றியிருப்பவர்கள் ஆடுவார்கள் அல்லது கூடச் சேர்ந்து பாடுவார்கள். பாட்டு முடியும். உடனே போன் அடிக்கும், யாரோ ஃபைலைக் கொண்டுவந்து வைப்பார், அவரும் விட்ட வாக்கியத்திலிருந்து வேலையைத் தொடர்வார். பாடியதை யாரும் கேட்கவில்லை, பாடியவருக்கும் அதனால் ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் நான் எதற்காக மூன்று நிமிடம் உட்கார்ந்திருந்தேன்? முதல் தடவை பார்த்தபோது இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, புதுசாக இருக்கிறது என்ற உற்சாகம். வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது பாட்டு ஆரம்பிக்கும்போதே அது முடியப்போகிற அந்த இடத்தை நினைத்து உடம்பு கூச ஆரம்பிக்கிறது.

நம்ம ஊர் ஆட்களுக்குப் பாட்டு வருவதே உறுத்தல் இல்லை, அமெரிக்க ரசிகர்கள் தடுக்கி விழுந்த இடம் நமக்கு வாசற்படிகூட இல்லை. இன்ஸ்பெக்டர் ஹீரோ ஸ்டேஷனில் முறைத்துக்கொண்டு நிற்பார், அடுத்த ஷாட்டில் ஏதோ ஒரு மலைச்சரிவில் வேறு சட்டையில் இருப்பார், நாம் ஏன் என்று கேட்டதே இல்லை. கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. நம் படங்களில் பாட்டுக்கு இடம் வேறு, உடை வேறு, வெளிச்சம் வேறு, முடிந்ததும் பெரும்பாலும் வெட்டிவிட்டு இன்னொரு நாளுக்குப் போய்விடுவார்கள். மலைச்சரிவிலிருந்து ஹீரோ எப்படி ஸ்டேஷனுக்குத் திரும்பினார் என்று யாரும் காட்ட மாட்டார்கள். காப் ராக் அதைத்தான் காட்டுகிறது. ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ் பாணியில் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, அழுக்குச் சுவர், டியூப் லைட், வியர்வைச் சட்டை, அதே அறையில் பாட்டு, அதே அறையில் பாட்டுக்குப் பிந்தைய சங்கடம். பாட்டில் குறை சொன்னால் பாவம். முதல் எபிசோடின் பாடல்கள் அமெரிக்கப் பாடகர், இசையமைப்பாளர் ராண்டி நியூமன் எழுதியவை, டைட்டிலில் அவரே பியானோவில் உட்கார்ந்து பாட, நடிகர்கள் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த டைட்டிலை நான் ஒருமுறைகூட ஓட்டிவிட்டது கிடையாது.

இப்போது மச்சான் மகன் சிரித்த அந்த ஜூரி காட்சிக்கு வருகிறேன். நீதிபதி, தீர்ப்பு என்ன என்று கேட்கிறார். ஜூரி எழுந்து, தேவாலயக் கூட்டுப்பாட்டு பாணியில், அவன் குற்றவாளி என்று பாடுகிறது. கைதட்டல், தாளம், எதிரே குற்றம் சாட்டப்பட்டவன் முகம் போன போக்கில் போகிறது. பாட்டு முடிகிறது. அங்கே எனக்குக் கூசவே இல்லை, ஏனென்றால் பாட்டு முடிந்தபோது ஒரு மனிதன் சிறைக்குப் போக வேண்டியவனாகிவிட்டான். பாட்டுதான் தீர்ப்பு. அது இல்லையென்றால் கதை அடுத்த அடி வைக்க முடியாது. 1991-இல் நியூமனுக்கு அமெரிக்க டி.வி. உலகின் பெரிய விருதான எம்மியை வாங்கிக் கொடுத்தது இந்தப் பாட்டுதான். மோசமான தொடர் பட்டியலைச் சொல்பவர்கள் இந்த எம்மியைச் சொல்வதே இல்லை என்பது தனி எரிச்சல்.

இதே போல இன்னொன்று. போதைக்கு அடிமையான ஒரு பெண், கேத்லீன் வில்ஹாய்ட் நடித்தது, தன் கைக்குழந்தைக்குத் தாலாட்டு பாடுகிறாள், பிறகு அந்தக் குழந்தையை விற்றுவிடுகிறாள். நான் இதைப் பார்த்தபோது என் அம்மா ஹாலில் வேறு வேலையாக இருந்தார், ஆங்கிலத் தொடர் என்றால் திரும்பியே பார்க்காதவர். பாட்டு நடுவில் வந்து நின்றுவிட்டார். முடிந்ததும் "இதையெல்லாம் எதுக்குடா போட்டுப் பாக்கறே" என்று கோபப்பட்டுவிட்டுப் போனார். அதைவிட நல்ல விமர்சனம் இந்தத் தொடருக்கு வந்ததாக நான் நினைக்கவில்லை. இங்கேயும் கவனியுங்கள், பாட்டுக்குப் பிறகு அவள் பழைய வேலைக்குத் திரும்பவில்லை.

ஆக, 11 எபிசோடிலும் பாட்டு ஏதாவது ஒன்றைச் செய்த இடங்களைப் பொறுக்கி எடுத்தால் ஒரு அருமையான ஒரு மணி நேரம் தேறும். மீதி இடங்களில் வசனத்தில் சொல்லி முடித்ததையே திரும்பப் பாடுகிறார்கள். விக்கி குவின் என்று ஒரு பெண் போலீஸ், வயதில் மூத்த கணவர், கூட ரோந்து போகும் இளைஞன் மேல் ஒரு சபலம். நமக்கு அது அவள் கண்ணைப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. அப்புறமும் பாடினால் என்ன செய்வது?

சரி, பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தால்? இதற்குத்தான் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற எஸ்.ஐ. ஒருவரை உட்கார வைத்தேன். மனிதர் பாட்டு வரும்போதெல்லாம் போனை நோண்டினார், கதை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். லருஸோ என்ற துப்பறியும் அதிகாரி, பீட்டர் ஒனராட்டி நடித்தது, போலீஸ்காரரைக் கொன்ற ஒருவனைப் பிடித்த பிறகு நிதானமாகச் சுட்டுக் கொன்றுவிடுகிறார். கேப்டன் ஹாலண்டர் அதை மூடி மறைக்க மறுக்கிறார். ஸ்டேஷனே இரண்டாக உடைகிறது, வழக்கு கோர்ட்டுக்குப் போகிறது, எபிசோடு எபிசோடாக நீள்கிறது. "பாட்டை விடுங்க சார், ஸ்டேஷனுக்குள்ள ஒருத்தன் மேல கேஸ் விழுந்தா மத்தவன் மூஞ்சி எப்படி மாறும்னு சரியா எடுத்திருக்கான்" என்றார் எஸ்.ஐ. முடிவு என்ன ஆயிற்று என்று அடுத்த நாள் வாசலில் நின்று கேட்டார், சொல்லவில்லை, இங்கேயும் சொல்ல மாட்டேன். தொடர் நின்று மூன்று மாதம்கூட ஆகாமல், 1991 மார்ச்சில், அதே லாஸ் ஏஞ்சலீஸில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீசார் அடித்தது வீடியோவில் பதிவாகி உலகமே பார்த்தது. போலீஸே அத்துமீறினால் என்ன செய்வது என்ற கேள்வியை இவர்கள் முன்பே எடுத்துக் கையில் வைத்திருந்தார்கள், பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

நடிகர்கள் பற்றிப் புகார் இல்லை. போலீஸ் தலைவராக ரானி காக்ஸ், ரோபோகாப் படத்தின் வில்லன், நிஜத்திலேயே கிடார் வாசித்துப் பாடுகிறவர், அதனால் அவர் பாடும்போது மட்டும் ஒரு நிம்மதி. பால் மெக்ரேனும் பாடத் தெரிந்தவர். மேயராக வந்தவர் போச்கோவின் அப்போதைய மனைவி பார்பரா பாஸன், ஓட்டுக்காக முகத்தையே மாற்றிக்கொள்ளும் அரசியல்வாதி, அந்தக் கிண்டல் எனக்குப் பிடிக்கும், என் மனைவிக்குப் பிடிக்காது, இதில் சமரசத்துக்கு இடமில்லை.

ஒப்பிட்டுப் பார்த்தால்தான் கோபம் ஏறுகிறது. பி.பி.சி. 1986-இலேயே தி சிங்கிங் டிடெக்டிவ் எடுத்துவிட்டது. தோல் நோயோடு ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிற துப்பறியும் கதை எழுத்தாளர், மைக்கேல் கேம்பன், பழைய பாட்டுகளுக்கு டாக்டர்கள் வாயசைப்பது அவர் காய்ச்சல் மூளைக்குள் நடக்கிறது. பாட்டு முடிந்தால் வலி திரும்பி வருகிறது. நான் புலம்பிக்கொண்டிருக்கிற அந்த மூன்று விநாடி அங்கே காட்சியிலேயே கனமான இடம். 2004-இல் அதே பி.பி.சி. பிளாக்பூல் எடுத்தது. சூதாட்டக் கூடம், ஒரு பிணம், டேவிட் மாரிஸியும் டேவிட் டெனன்ட்டும் தெரிந்த பாப் பாட்டுகளோடு சேர்ந்து பாடுவார்கள். பாட்டு ஓடும்போதே ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வதால் முடியும்போது யாரோ ஒருவர் தோற்றிருப்பார். அதை அமெரிக்காவுக்கு எடுத்துப்போய் 2007-இல் சி.பி.எஸ். விவா லாஃப்லின் என்று செய்தது, இரண்டே எபிசோடில் மூடிவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு காப் ராக் மேல் எனக்கு மரியாதை கூடியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 11 எபிசோடு தாக்குப்பிடிப்பது சின்ன விஷயமில்லை.

கடைசி எபிசோடைத் தவறவிடாதீர்கள். தொடர் முடியப்போகிறது என்று தெரிந்துவிட்டது. இறுதியில் நடிகர்கள் வேஷத்தைக் கழற்றிப் போட்டதுபோல் நடிகர்களாகவே பேச ஆரம்பிக்கிறார்கள், பருமனான ஒரு அம்மாள் வந்து பாட, எல்லோரும் சேர்ந்துகொள்கிறார்கள். குண்டுப் பெண் பாடும்வரை ஆட்டம் முடியாது என்று அவர்கள் ஊரில் ஒரு பழமொழி, அதற்கு ஒரு கேலி. எனக்கு என்ன வயிற்றெரிச்சல் என்றால், பாட்டைப் பாட்டு என்று ஒத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் தைரியம் தொடரை மூடுகிற அன்றுதான் வந்தது. இதே துணிச்சல் அக்டோபரில் இருந்திருந்தால்!

போச்கோ 1993-இல் என்.ஒய்.பி.டி. ப்ளூ என்ற இன்னொரு போலீஸ் தொடர் எடுத்தார், இதில் நடித்த ஜேம்ஸ் மெக்டானியல் அதில் லெஃப்டினன்ட் ஆனார், யாரும் பாடவில்லை, நன்றாக ஓடியது. நல்ல தொடர்தான். ஆனால் அதை நான் ஒருமுறை பார்த்ததோடு சரி, காப் ராக்கைத்தான் திரும்ப எடுக்கிறேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

நண்பருக்குப் பதில்: வாங்க வேண்டாம். 2016-இல் வந்த இந்த செட் அமெரிக்க மண்டலத்துக்கானது, எல்லா மண்டல டிஸ்க்கும் ஓடும் பிளேயர் இல்லையென்றால் வீட்டில் சும்மா கிடக்கும். அப்படியே ஓடினாலும் நாலாவது எபிசோடுக்குள் எனக்கு போன் செய்து திட்டுவீர்கள். பிளாக்பூல் கிடைத்தால் அதைப் பாருங்கள். என் செட்டை ஒரு வாரம் கொடுங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள், அதை நான் யாருக்கும் தருவதாக இல்லை. மார்க் போட்டே ஆக வேண்டுமென்றால் ஐந்துக்கு இரண்டு, அதிலும் அரை மார்க் எஸ்.ஐ. சாருக்காக.