சனியா ஞாயிறா: வெளிநாட்டில் படிக்கப்போகும் வன்னிப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் கணக்கு

சனியை ஓய்வுநாளாகக் காக்கும் கிறிஸ்தவருக்கு அது வெள்ளி பொழுதுபட்டதும் தொடங்கும். வன்னியில் அது எத்தனை மணிக்கு என்று மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை. ஆண்டு முழுக்க 5.45க்கும் 6.40க்கும் இடையில் பொழுது பட்டுவிடும். லண்டனில் டிசம்பர் நடுவில் மாலை 3.50க்கே பொழுது படும். ஜூன் கடைசியில் இரவு 9.20 ஆகும். ரொறன்ரோவில் இவை 4.40, 9.00. மெல்பேணில் தலைகீழ்: ஜூனில் 5.10 அளவில், டிசம்பர் கடைசியில் 8.40. வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி பொழுதுபடும்வரை ஓய்வுநாள் காக்கும் சபைப் பிள்ளைக்கு இந்த வித்தியாசமே பெரிய சோதனை. நள்ளிரவிலிருந்து நள்ளிரவுவரை ஞாயிறைக் காப்பவருக்கு இந்தத் தலையிடி கிடையாது. அவருக்கு வேறு தலையிடிகள் உண்டு.

சபை ஏற்கெனவே நாளைத் தீர்மானித்திருந்தால் தெரிவு என்ற பேச்சே இல்லை. எதற்கு ஆயத்தமாவது என்பதுதான் கேள்வி. ஓய்வு வேண்டும், எந்த நாளென்ற கட்டாயம் இல்லை என்பவருக்குத்தான் இந்த ஒப்பீடு கூடப் பயன்படும்.

முதலில் சனி. இங்கிலாந்தில் ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். அன்றிலிருந்து பெப்ரவரி முதல் கிழமைவரை லண்டனில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். வெள்ளி மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடியும் லாப் வகுப்பு இந்த மாதங்களில் நேரே ஓய்வுநாளுக்குள் விழும். செப்டெம்பரில் வகுப்புக் குழு பிரிக்கும்போதே வெள்ளி காலைக் குழுவைக் கேட்டு வாங்க வேண்டும். அப்போது வெளியே நல்ல வெளிச்சம் இருப்பதால் நவம்பர் யாருக்கும் நினைவு வராது. பிறகு குழு மாற இடமும் இராது.

அந்த ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டால் குளிர்காலச் சனி மாணவருக்கு மிக வசதி. நாலு மணிக்கே ஓய்வுநாள் முடிந்துவிடும். சனி இரவும் ஞாயிறு முழுவதும் படிப்புக்குக் கிடைக்கும். ஞாயிறு காப்பவருக்கோ பின்னேரம் நாலு மணியானதும் திங்கள் வகுப்பு மனதுக்குள் வந்து குந்திவிடும். ஞாயிறு இரவு 11.59க்கு ஒப்படை கேட்கும் விரிவுரையாளர்களும் உண்டு. சனி இரவே அனுப்பிவிட்டு மின்னஞ்சலிலிருந்து வெளியேறாவிட்டால், 'ஒருமுறை திறந்து பார்ப்போம்' என்பதில் அரைநாள் போய்விடும். ஊரில் ஞாயிறு ரியூசனுக்குப் போய்ப் பழகிய பிள்ளைக்கு இது இன்னும் கஷ்டம்.

வேலைப் பக்கம் கணக்கு மாறும். பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்வரைதான் வேலை செய்யலாம். கிழமை என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. வார இறுதியில் ஒரு நாள் எட்டு மணித்தியாலம், வாரநாளில் மூன்று மாலை நாலு நாலாக என்று போட்டால் எந்த நாளை விட்டாலும் 20 வரும். ஆனால் உணவகத்தில் வெள்ளி இரவும் சனியும்தான் கூட்டம். அந்த இரண்டுக்கும் வரமாட்டேன் என்பவரை முகாமையாளர் இலகுவில் எடுக்கமாட்டார். சனி காப்பவர் சுப்பர்மார்க்கெட், களஞ்சியம், பராமரிப்பு இல்லம் பக்கம் தேடுவது புத்தி. ஞாயிறு காப்பவருக்கு அங்கே சட்டமே துணை: கடை ஊழியர் ஞாயிறு வேலை வேண்டாமென்று எழுத்தில் கொடுத்தால் மூன்று மாதத்தில் அது நடைமுறைக்கு வரும். ஞாயிறுக்கு மட்டும் என்றே சேர்ந்தவருக்கு இது செல்லாது. அவுஸ்திரேலியாவில் இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம். கடைகளில் ஞாயிறு சம்பளம் கூட என்பதால் அந்த நாளை விடுவது பையில் தெரியும். ஜேர்மனிக்குப் போகிறவர் யோசிக்கவே வேண்டாம், ஞாயிறுதான். கடைகள் பூட்டு, பெரிய ரயில் நிலையங்களில் சில மட்டும் திறக்கும். துளையிடும் மெஷின் சத்தம்கூடக் கூடாது. சனியே சாமான் வாங்காவிட்டால் பட்டினி.

மூன்றாவது வழி, கத்தோலிக்கருக்கு உள்ள சனி மாலைப் பூசை. திருச்சபைச் சட்டப்படி அது ஞாயிறுக் கடமையை நிறைவேற்றும். பரீட்சைக்கு முந்திய ஒரு கிழமைக்கு நல்லது. கிழமைதோறும் அதைச் சாட்டி ஞாயிறு வேலைக்குப் போனால் பூசை இருக்கும், ஓய்வு இராது.

எந்த நாளானாலும் அதைக் கெடுப்பது பெரும்பாலும் குசினிதான். முதல்நாளே சமைக்க வேண்டும். அதற்கும் முறை உண்டு. சோற்றை அடுப்பிலேயே மூடி வைக்காதீர்கள். அகன்ற தட்டில் பரப்பி ஆறவிட்டு, சமைத்த ஒரு மணித்தியாலத்துக்குள் பிறிட்ஜில் வைத்து, 24 மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். அரிசியிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகா. வெளியே கிடக்கும் சோற்றில் அவை முளைத்துப் பெருகி வெளியிடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. தண்ணீர் ஊற்றி வைக்கும் பழஞ்சோற்றுப் பழக்கத்தை ஹீற்றர் ஓடும் அறைக்குள் கொண்டுபோக வேண்டாம். சாப்பிடும்போது ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, ஆவி பறக்க ஒரே ஒருமுறை சூடாக்குங்கள். சொதி இதற்கு உதவாது, தேங்காய்ப்பால் திரைந்துவிடும். பழப்புளி விட்டுத் தடிப்பாக வைத்த மீன்குழம்பு, கத்தரிக்காய்க் குழம்பு இரண்டும் மறுநாள் இன்னும் ருசி. பருப்பைப் பால் விடாமல் தாளித்து வைத்து, அரைக்கோப்பை சுடுதண்ணீரில் இளக்கலாம். பிட்டு பிறிட்ஜில் கல்லாகிவிடும். ஒரு நேரத்துக்கு ஒரு பொட்டலமாக உறைய வைத்து, பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் உதிரியாக வரும்.

வீட்டுக்குக் கதைக்கும் நேரத்தையும் பிடித்து வையுங்கள். குளிர்காலத்தில் லண்டன் பகல் 1.30 வன்னியில் இரவு 7.00, ரொறன்ரோ காலை 8.30ம் அதே நேரம். மெல்பேணில் கோடையில் இரவு ஒன்பதுக்கு எடுத்தால் ஊரில் பின்னேரம் 3.30.

சனி காப்பவர் ஊரிலிருந்து கிளம்ப முன்பே போதகரிடம் ஆங்கிலத்தில், சபையின் கடிதத்தலைப்பில், வெள்ளி பொழுதுபட்டது முதல் சனி பொழுதுபடும்வரை பரீட்சை எழுத இயலாது என்று தெளிவாக ஒரு கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் சமயக் காரணத்துக்கான படிவத்தைத் தவணைத் தொடக்கத்திலேயே கேட்கும். பரீட்சை அட்டவணை வெளிவந்த பிறகு கொடுத்தால் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள்.