ஜெர்மன் மொழியியல்: வரலாறா, வாக்கிய அமைப்பா?

ஜெர்மனை மொழியியலாகப் படிக்க வருபவர்கள் சீக்கிரமே ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கும்: மொழி வரலாற்றின் பக்கம் போவதா, இன்றைய வாக்கிய அமைப்பின் பக்கம் போவதா? நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

வரலாற்றின் ஈர்ப்பு பெரியது. ஆங்கில ‘ஆப்பிள்’ ஜெர்மனில் ‘ஆப்ஃபெல்’. ‘மேக்’ இங்கே ‘மாஹென்’. இந்த ஒலிமாற்றம் வடக்கு வரை பரவவில்லை. அங்கே வழங்கும் தாழ்ஜெர்மனைப் பேசுவோர் இன்றும் ‘மாகென்’ என்கிறார்கள். இரண்டையும் பிரிக்கும் கோடு, டுசல்டார்ஃபின் பென்ராட் பகுதியில் ரைன் நதியைக் கடக்கிறது. ஆனால் இதில் ஆழமாகப் போக லத்தீன், ஜெர்மனின் அழிந்துபோன உறவுமொழியான கோதிக், பழைய ஏடுகள் எல்லாம் வேண்டும். இன்றைய ஜெர்மனின் பழைய வடிவமான பழைய உயர்ஜெர்மனை நான் படித்தது ஒரே ஒரு பருவம்தான், அதனால் அந்தப் பக்கத்தைப் பற்றி என் பேச்சைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னை வாக்கிய அமைப்பின் பக்கம் இழுத்தது ஒரு சின்ன வாக்கியம்: ‘இஷ் ரூஃபெ டிஷ் ஆன்’. உனக்கு போன் செய்கிறேன் என்று பொருள். வினைச்சொல் ‘ஆன்ரூஃபென்’. அதில் ‘ரூஃபெ’ இரண்டாம் இடத்துக்கு வந்துவிட, ‘ஆன்’ மட்டும் கடைசியில் தனியாக நிற்கிறது. இப்போது நம் ‘என்று’க்கு ஈடான ‘டாஸ்’ சேர்த்துப் பாருங்கள்: ‘டாஸ் இஷ் டிஷ் ஆன்ரூஃபெ’. வினை மறுபடி ஒன்றுசேர்ந்து கடைசிக்குப் போய்விட்டது. வினைக்கும் ‘டாஸ்’ போன்ற சொல்லுக்கும் சேர்த்து முன்னால் இருப்பது ஒரே இருக்கை. ‘டாஸ்’ உட்கார்ந்துவிட்டால் வினைக்கு அங்கே இடமில்லை. அப்படியானால் வினையின் சொந்த ஊர் வாக்கியத்தின் கடைசிதான். முதல் வாக்கியத்தில் தனியாக நின்ற ‘ஆன்’ அதற்குச் சாட்சி.

1937இல் எரிஷ் டிராஹ் என்ற ஜெர்மன் அறிஞர் ஜெர்மன் வாக்கியத்தைக் களங்களாக, அதாவது வினையை வைத்துப் பிரித்த இடப்பகுதிகளாக, பிரித்துக் காட்டினார். இந்த இருக்கைக் கணக்கு அதன்மேல் பின்னால் வந்தவர்கள் கட்டியது. தமிழர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ‘ஐன் பூஹ் கெலேஸன் ஹாபெ’ என்ற துணைவாக்கிய (‘டாஸ்’ போன்ற சொல்லோடு தொடங்கும் உள்வாக்கிய) வரிசையைச் சொல்லுக்குச் சொல் வைத்தால், ‘ஒரு புத்தகம் படித்து இருக்கிறேன்’.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது சரிபார்க்கும் வசதிதான். ஒலி வரலாற்றில் ஒரு சந்தேகம் வந்தால் ஏட்டைத் தேட வேண்டும். இங்கே காலைச் செய்தித்தாளில் ஒரு வரி போதும், பக்கத்து இருக்கைக்காரர் போனில் பேசுவது போதும். விதி நிற்கிறதா விழுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சில சமயம் விழவும் செய்கிறது. ‘ஏனென்றால்’ என்ற பொருள் தரும் ‘வைல்’ வந்தால் எழுத்தில் வினை கடைசிக்குப் போகும். பேச்சிலோ இரண்டாம் இடத்திலேயே நிற்பதை அடிக்கடி கேட்கலாம். அங்கே இருக்கைக் கணக்கு அப்படியே பொருந்தாது. இப்போது என் குறிப்பேட்டில் நிறைந்திருப்பவை அந்த ‘வைல்’ வாக்கியங்கள்தான்.