பின்மண்டைதான் முடிவு செய்கிறது: களத்தில் இருப்பவருக்கு ஸ்ட்ரிப் முறையா, எஃப்யூஇ முறையா?

மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த வெய்ன் ரூனி, தமக்கு முடி நடவு செய்துகொண்டதை 2011 ஜூன் மாதம் தாமே ட்விட்டரில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 25. பத்தாண்டுகள் கழித்து, 2021இல், ஆர்சனல் தடுப்பாட்டக்காரர் ராப் ஹோல்டிங்கும் ஒளிவுமறைவின்றி அதையே செய்தார். ஆடிக்கொண்டிருக்கும்போதே முடி நடவு செய்துகொள்ளலாமா என்ற தயக்கம் இன்று பெரும்பாலும் விலகிவிட்டது. பின்மண்டைத் தோலைப் பட்டையாக வெட்டியெடுக்கும் ஸ்ட்ரிப் முறையா, முடிகளைச் சிறுசிறு கொத்தாக ஒவ்வொன்றாய் எடுக்கும் எஃப்யூஇ முறையா என்பதே மிஞ்சியிருக்கும் கேள்வி. நிறுவன அணி ஒன்றுக்குக் கபடி ஆடும் நானும் அந்தக் கேள்வியோடு சில மருத்துவர்களைப் பார்த்துவிட்டு எஃப்யூஇ முறையைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது மீண்டும் மேட் எனப்படும் கபடி விரிப்பில் இறங்கி ஆடுகிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரு முறைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். பின்மண்டையில் வளரும் முடி, வழுக்கையை உண்டாக்கும் ஹார்மோனுக்கு எளிதில் உதிராது. அதை முன்பக்கத்தில் கொண்டுவந்து நட்டாலும் அதே குணத்தோடு வளரும். நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959இல் எழுதி வெளியிட்ட இந்த உண்மையின் மேல்தான் இன்றைய முடி நடவு முழுவதும் நிற்கிறது. ஸ்ட்ரிப் முறை எனப்படும் எஃப்யூடியில், ஏறத்தாழ காது முதல் காது வரை, ஒரு சென்டிமீட்டரோ சற்றுக் கூடவோ அகலமுள்ள தோல்பட்டையை வெட்டியெடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, ஒன்று முதல் நான்கு முடிகள் கொண்ட கிராஃப்டுகளாகப் பிரிப்பார்கள். வெட்டிய இடத்தின் இரு விளிம்புகளையும் இழுத்துச் சேர்த்துத் தைப்பார்கள். எஃப்யூஇயில் பட்டையும் இல்லை, தையலும் இல்லை. ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய விட்டமுள்ள பஞ்ச் கருவியால் கிராஃப்டுகளை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். மருத்துவர்கள் ராஸ்மனும் பெர்ன்ஸ்டைனும் தம் குழுவினரோடு 2002இல் இதைப் பற்றி எழுதிய பிறகு இது உலகெங்கும் பரவியது.

முன்பக்கத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. எந்த முறையில் எடுத்தாலும் நட்ட முடி முதல் ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் உதிர்ந்து, மூன்று நான்கு மாதங்களில் மறுபடி முளைக்கத் தொடங்கி, முழு அடர்த்தியைக் காட்ட ஓராண்டு எடுத்துக்கொள்ளும். கிராஃப்ட் ஒன்றுக்கான கட்டணம் பொதுவாக எஃப்யூஇயில்தான் அதிகம். அறுவை நடக்கும் நேரமும் அதில்தான் அதிகம். இவை எல்லோரும் அறிந்தவை.

விளையாட்டு வீரர் அல்லாதவருக்கு இவ்வளவு போதும். நமக்கோ, முடி நட்ட இடத்தைவிட அதை எடுத்த இடமே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. தோளிலிருந்து கழுத்தின் வழியே ஏறிவரும் ட்ரபீசியஸ் தசை பின்மண்டை எலும்பில்தான் வந்து பற்றுகிறது. பார்பெல்லைத் தூக்கும்போதும், தலையைக் குனிந்து எதிராளியின் இடுப்பில் அழுத்தும்போதும், கீழே விழுகையில் முகவாயை நெஞ்சோடு ஒட்டித் தலையைக் காத்துக்கொள்ளும்போதும் அந்தப் பகுதித் தோல் இழுபடுகிறது. ஸ்ட்ரிப் முறையில் தைத்த காயமோ ஏற்கெனவே இழுவிசையில் இருப்பது. ஒரு பட்டைத் தோல் போன பின்பு எஞ்சிய தோலை நெருக்கித்தான் தைத்திருக்கிறார்கள். தையலைப் பத்து முதல் பதினான்கு நாட்களில் பிரித்துவிடுகிறார்கள். இங்கேதான் ஆட்டக்காரர்கள் ஏமாந்துபோகிறார்கள். வலி போய்விட்டது, தையலும் போய்விட்டது, ஆகவே காயமும் ஆறிவிட்டது என்று மனம் கணக்குப் போடுகிறது. தோல் ஆறும் கணக்கு வேறு. ஒரு வெட்டுக்காயம் தன் பழைய வலிமையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை எட்டவே மாதங்கள் ஆகின்றன. முழு வலிமையை அது ஒருபோதும் எட்டுவதில்லை. அந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப இழுபட்டால் காயம் பிரியாமல் இருக்கலாம், ஆனால் தழும்பு மெல்ல மெல்ல அகலும்.

எங்கள் அணியின் மூத்த வீரர் ஒருவர் நான் செய்துகொள்வதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஸ்ட்ரிப் முறையில் செய்துகொண்டவர். முன்பக்கம் இன்றும் அருமையாக இருக்கிறது. நல்ல கைகளில் இந்தத் தழும்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கோடாகவே நின்றுவிடும் என்கிறார்கள். அவருக்கு அது சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு விரிந்திருக்கிறது. தையல் பிரித்த கையோடு அவர் தொடைப்பிடிப் பயிற்சிக்குத் திரும்பியதே காரணம் என்று அவரே சொல்வார். பின்முடியை இரண்டு விரல் நீளம் வளர்த்து அதை மறைத்து வைத்திருக்கிறார். ஆனால் இரண்டாம் பாதியில் வியர்வையில் முடி நனைந்து பிரியும்போது, காதிலிருந்து காதுக்கு வெள்ளைக் கோடு தெரிகிறது. முடிதிருத்தும் கடையில் அவரால் மெஷின் கட் கேட்க முடிவதில்லை. கோடையில், அதுவும் உள்ளரங்கில், நாள் முழுக்க ஆடுபவருக்கு அது சிறிய இழப்பு அல்ல.

எஃப்யூஇக்குப் பிறகு என் பின்மண்டை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தலை முழுவதையும் மழித்திருந்தார்கள். மறுநாள் கட்டைப் பிரித்தபோது ஊசி குத்தியது போன்ற சிவப்புப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. அவை முதல் வாரத்துக்குள் பொருக்காகி உதிர்ந்தன. முதல் சில இரவுகள் கழுத்துத் தலையணையோடு பாதி உட்கார்ந்த நிலையில்தான் தூக்கம். நெற்றியில் ஏறிய வீக்கம் கண்ணிமை வரை இறங்கிப் பின் வடிந்தது. பின்மண்டையில் சில வாரங்கள் மரத்த உணர்வு இருந்தது. அவ்வளவுதான். இழுபடத் தையல் எதுவும் இல்லாததால் கழுத்தை அசைப்பதற்கு அச்சம் இருக்கவில்லை. மெல்லோட்டம், பிறகு எடைப்பயிற்சி, அதன் பிறகு மேட் என்று படிப்படியாகத் திரும்ப முடிந்தது. பொதுவாக மருத்துவர்கள் எஃப்யூஇக்குப் பின் இரண்டு வாரங்களில் எடைப்பயிற்சியையும், மூன்று நான்கு வாரங்களில் உடல் மோதும் ஆட்டத்தையும் அனுமதிக்கிறார்கள். ஸ்ட்ரிப் முறையில் கழுத்தை இழுக்கும் பயிற்சிகளுக்கு நான்கு முதல் ஆறு வாரத் தடை உண்டு. எச்சரிக்கையான மருத்துவர்கள் அதையும் நீட்டிக்கிறார்கள். சீசன்களுக்கு இடையே கிடைப்பது இரண்டே மாதம் என்னும்போது இந்த வேறுபாடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இன்று பின்முடியை மெஷினில் இரண்டாம் நம்பர் வைத்து வெட்டிக்கொள்கிறேன். கிட்ட வந்து உற்றுப் பார்த்தாலன்றிப் புள்ளிகள் தெரிவதில்லை.

நட்ட இடத்துக்கான பாதுகாப்பு இரண்டு முறைக்கும் பொது. ஒன்பது பத்து நாட்களில் கிராஃப்டுகள் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்றாலும், தலையால் பந்தை முட்டுகிறவரும், இறுக்கமான ஹெல்மெட்டோடு நாள் முழுக்க மட்டை பிடிக்கிறவரும், குளோரின் நீரில் நீந்துகிறவரும் அதற்கு மேலும் சில வாரம் பொறுப்பதே நல்லது.

எஃப்யூஇயின் குறைகளை மூடி மறைக்க விரும்பவில்லை. அவசரமாகவோ பேராசையோடோ ஒரே இடத்தில் நெருக்கி எடுத்தால் பின்மண்டை பூச்சி அரித்தது போல் ஆகிவிடும். அதற்குத் திருத்தம் கடினம். பஞ்சின் கோணம் தவறினால் வேர் வெட்டுப்பட்டு கிராஃப்ட் வீணாகும். நுண்ணோக்கியில் பிரிக்கும் ஸ்ட்ரிப் முறையில் இந்த இழப்பு குறைவு. ஆகவே உதவியாளர்களிடம் விட்டுவிடாமல் மருத்துவரே எடுக்கிறாரா என்று கேட்டே ஆக வேண்டும். என் அனுபவம் ஒரு முறையோடு மட்டும்தான். ஸ்ட்ரிப் பற்றிச் சொல்வது அடுத்தவர் தலையில் பார்த்ததும் மருத்துவர்களிடம் கேட்டதும் என்பதால், அதற்குரிய எடையையே வாசகர்கள் தர வேண்டும். பத்தாண்டு கழித்து என் பின்மண்டை எப்படி இருக்கும் என்பதற்கும் நான் சாட்சி சொல்ல முடியாது.

எந்த முறையானாலும் மருந்துச் சீட்டை ஆட்டக்காரர் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். எஞ்சிய முடியைக் காக்கத் தரப்படும் ஃபினாஸ்டரைடு, வேறு ஊக்கமருந்துகளை மறைக்கக்கூடும் என்பதால் 2005 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் இருந்தது. ஸ்கெலிட்டன் எனப்படும் பனிச்சறுக்கு ஆட்டத்தின் அமெரிக்க வீரர் ஸாக் லண்ட் 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கையே இழந்தார். 2007இல் பிரேசில் கால்பந்து வீரர் ரொமாரியோ அதே மருந்தால் சிக்கினார். 2009இல்தான் தடை நீங்கியது. இன்றைய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அறுவைக்குப் பின் முகவீக்கம் வடியச் சில நாட்களுக்கு எழுதித்தரும் ப்ரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை, போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்ட வகை. 2022 முதல் அந்த வகை மருந்தை ஊசியாகப் போட்டாலும் அப்படியே. பெண்களுக்கு முடி உதிர்வுக்காக எழுதப்படும் ஸ்பைரோனோலாக்டோனோ எந்தக் காலத்திலும் தடைசெய்யப்பட்டது. மருத்துவர் நல்லெண்ணத்தோடு எழுதுவார். பரிசோதனையில் பதில் சொல்ல வேண்டியவர் ஆட்டக்காரர்.

பேனா முறை, டிஹெச்ஐ என்ற பெயர்களில் தனி முறை போல் விற்கப்படுவது, எடுப்பதில் எஃப்யூஇயேதான். நடும் கருவி மட்டும் வேறு. தலையில் பசையால் ஒட்டிக்கொள்ளும் விக்கை, பிடியும் வியர்வையும் உள்ள ஆட்டத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்ட்ரிப் முறை பொருந்தும் ஆட்டக்காரர்களும் உண்டு. நீண்ட கூந்தலுள்ள வீராங்கனைக்குத் தலையை மழிக்காமலே செய்துகொள்ளலாம். தழும்பைக் கூந்தலே மூடிவிடும். ஓய்வு பெற்று, உச்சந்தலை வரை வழுக்கை பரவியிருப்பவருக்கு ஒரே அமர்வில் நிறைய கிராஃப்டுகள் தேவைப்படும். அவருக்குச் சீசன் நெருக்கடியும் இல்லை, மெஷின் கட் கவலையும் இல்லை. ஸ்ட்ரிப் தழும்போடு வாழ்பவர்களுக்கும் இப்போது ஒரு வழி இருக்கிறது: எஃப்யூஇ மூலம் சில கிராஃப்டுகளை எடுத்து அந்தத் தழும்பின் மேலேயே நடுகிறார்கள். தழும்புத் தோலில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் எல்லாம் பிடிப்பதில்லை, பிடித்த அளவுக்குக் கோடு மங்குகிறது. எங்கள் மூத்த வீரர் அடுத்த ஓய்வுக் காலத்தில் அதற்குத்தான் தேதி வாங்கியிருக்கிறார்.