தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்: வேலை போனவர்கள் சேர்ந்து எழுப்பிய கடை

திருவனந்தபுரம் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே, கேஎஸ்ஆர்டிசி பஸ் ஸ்டாண்டை ஒட்டி, செங்கல் நிறத்தில் உருண்டையாக ஒரு கட்டடம் நிற்கும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்தது. உள்ளே மாடிப்படி கிடையாது, தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது, அந்தச் சரிவின் ஓரமாகவே மேஜையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். சுவரில் விட்டிருக்கும் சின்னச் சின்னத் திறப்புகள் வழியாகக் காற்று வரும். மெத்தை நாற்காலி தேடுகிறவர்களுக்கு ஏற்ற இடம் இல்லை.

மசாலா தோசையைப் பிரித்தால் மசாலா சிவப்பாக இருக்கும், பீட்ரூட் போடுகிறார்கள். மஞ்சள் மசாலாவுக்குப் பழகிய நம் நாக்குக்கு லேசாக இனிக்கும், எனக்கு அது பிடித்திருக்கிறது. கட்லெட்டும் அப்படித்தான், வெங்காயத்தோடும் சாஸோடும் சூடாகச் சாப்பிட வேண்டும்.

ஆனால் நான் இந்தக் கடையைப் பற்றி எழுதுவது தோசைக்காக மட்டும் இல்லை. 1950களின் நடுவில் மத்திய அரசின் காபி வாரியம், தான் நடத்திவந்த காபி ஹவுஸ்களை மூட முடிவெடுத்தது. சமையல்காரர், சர்வர், கிளீனர் என்று எல்லோருக்கும் வேலை போனது. தனி ஆளாக ஒரு சர்வர் மனு எடுத்துக்கொண்டு போயிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். பல ஊர்க்காரர்கள் தொழிற்சங்கமாக ஒன்றாக நின்றார்கள், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் துணை நின்றார். 1936லேயே கண்ணூரிலிருந்து சென்னை வரை பட்டினி ஜாதாவை, அதாவது பசிக் கொடுமையைச் சொல்லும் நடைப்பயணத்தை, நடத்திக்கொண்டு வந்த மனிதர் அவர், ஆட்களைத் திரட்டுவது அவருக்குப் புதிதில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த கட்டம். கூடிக் கோஷம் போட்டுவிட்டுக் கலைந்திருந்தால் எல்லோரும் வேறு வேலை தேடிப் போயிருப்பார்கள், அவ்வளவுதான். இவர்களோ கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்து, பங்குப் பணம் போட்டு, கணக்கு எழுதி, கடையைத் தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள். கேரளத்தில் 1958ல் திருச்சூரில் முதல் கடை திறந்தது, அப்புறம் கண்ணூரில் இன்னொரு சங்கம், இன்றும் தெற்கு மாவட்டங்களை ஒன்றும் வடக்கை மற்றதும் பார்த்துக்கொள்கின்றன. விசிறித் தலைப்பாகையோடு தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறி வருகிறாரே, அவரைப் போன்ற தொழிலாளர்களுடைய சங்கம்தான் இங்கே முதலாளி. ஆள் பலம் இல்லாமல் அந்தப் போராட்டமே நடந்திருக்காது, அமைப்பு இல்லாமல் அந்த ஆள் பலம் ஒரு வருஷம்கூடத் தாங்கியிருக்காது என்பது என் எண்ணம். "போராடி என்னத்தைக் கண்டார்கள்" என்று கேட்கிற நண்பர்களை நான் நேராக இங்கேதான் கூட்டிக்கொண்டு வருவேன்.

நாகர்கோவில் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள் பெட்டியோடு அப்படியே நடந்தே வந்துவிடலாம். காலையில் வந்தால் மேல் சுற்றுக்குப் போய் உட்காருங்கள், காபியோடு ஒரு கட்லெட்டும் சொல்லுங்கள்.